கல் வைத்தாயா?

ஜூலை 2, புதன்

ஏற்காட்டில் அப்பா வீட்டுக்கு ஏறி வந்து, வாசலில் வண்டியை நிறுத்திப் பார்க்கிங் பிரேக் பொத்தானை இழுத்தேன். எப்போதும் பின்பக்கம் 'ஞர்ர்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். இன்று பாதியில் முனகி நின்றுவிட்டது. வட்டத்துக்குள் இருக்கும் சிவப்பு 'பி' சிமிட்டத் தொடங்கியது. பக்கத்திலேயே மஞ்சளாக இன்னொரு விளக்கு. பார்க்கிங் பிரேக்கைச் சோதிக்கவும் என்று திரை சொன்னது.

வாசல் நல்ல சரிவு. காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் அப்பா, மூக்கில் குழாயோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை இழுத்தபோது பிடித்தது.

அப்பாவின் ஆக்சிஜன் அளவு 88.

ஜூலை 3, வியாழன்

விளக்கு வரவில்லை. நேற்று ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கிறது வண்டி. 90.

ஜூலை 5, சனி

சேலம். தூக்கம் வராமல் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். நான்கு வருடமாக உறை பிரிக்காமல் கிடந்தது.

சிவப்பு நிலையாக எரிந்தால் பிரேக் பிடித்திருக்கிறது, பயமில்லை. சிவப்பு சிமிட்டினால் முழுதாகப் பிடிக்கவும் இல்லை, முழுதாக விடவும் இல்லை. மஞ்சள் வந்தால் அமைப்பிலேயே கோளாறு. நான் பார்த்தது கடைசி இரண்டும் சேர்ந்தது.

கையால் இழுக்கும் கம்பியே இந்த வண்டியில் கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி மோட்டார். அது ஒரு திருகைச் சுற்ற, திருகு பிரேக் கட்டையைத் தட்டோடு நெருக்குகிறது. அந்த 'ஞர்ர்' அதுதான். கால் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. மோட்டார் படுத்துவிட்டாலும் அது வேலை செய்யும். இதை மூன்று முறை வாசித்தேன்.

இன்னொன்றும் இருந்தது. ஓடும்போது கால் பிரேக் கைவிட்டால் இந்தப் பொத்தானை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், வண்டி நிற்கும் வரை. விட்டால் அதுவும் விட்டுவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதைத்தான் நினைத்துக்கொண்டு இறங்கப்போகிறேன். வாசிக்காமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

டாக்டர் மறுபடியும் அதையே சொன்னார். கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் காற்று மெலிசு. நம் நுரையீரலுக்கு அது ஒரு பொருட்டில்லை, அப்பாவுக்குப் பொருட்டு. கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

தம்பி போனில், "அக்கா, வண்டியை மாற்றிவிடு" என்றான். அங்கிருந்துகொண்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லலாம்.

ஜூலை 8, செவ்வாய்

அடிவாரத்திலேயே மஞ்சள் வந்துவிட்டது. திரும்பிவிடலாமா என்று சோதனைச்சாவடிக்கு முன்னால் ஓரம் கட்டினேன். காலை அழுத்திப் பார்த்தேன், பிரேக் கெட்டியாக இருந்தது. இறங்கிப் பின்சக்கரங்களருகே கை நீட்டினேன். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பிரேக் விடாமல் உரசுகிறது என்று அர்த்தம். சூடில்லை, கருகல் வாடையும் இல்லை. ஏறினேன்.

மேலே போய் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, முதல் கியரில் போட்டு, இன்ஜினை அணைத்தேன். மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர். உள்ளே நுழைவதற்குள் அப்பா கேட்டார்.

"கல் வைத்தாயா?"

எஸ்டேட் ஜீப் ஓட்டிய காலத்திலிருந்து திண்ணையடியில் கிடக்கிற கறுப்புக் கல். ஒரு பக்கம் தட்டை. சிறு வயதில் எங்கே போனாலும் குதித்திறங்கிச் சக்கரத்துக்கு அதை அணைகொடுப்பது என் வேலை. நாற்பது வருடம் கழித்து மறுபடி வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கை பிரேக் என்றால் கைக்குத் தெரிய வேண்டும் கண்ணு. எத்தனை பல் ஏறியது என்று எண்ணலாம். இது பொத்தான்" என்றார். இதைச் சொல்ல மூன்று முறை மூச்சு வாங்கினார். 87.

ஜூலை 9, புதன்

அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், கழற்றிப் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து நெருக்கிவிடலாம் என்று சக்கரத்தில் கை வைத்துவிட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். இந்த வகைக்குக் கணினியை இணைத்து மோட்டாரைப் பின்வாங்கவைத்த பிறகுதான் தொட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே திருகு நாசமாகும். "மேடம் எல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்" என்றார் பக்கத்தில் நின்றவரிடம். ஆமாம், படித்துவிட்டுத்தான் வந்தேன்.

கல் பின்பெட்டியில் இருக்கிறது. எப்போது ஏற்றினேன் என்று நினைவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சர்வீஸ் சென்டரில் முதலில் பின்பக்கப் பிரேக் இரண்டையும் முழுதாக மாற்றச் சொன்னார்கள். நாற்பதாயிரம். எழுந்து வரப்போனபோது உள்ளே வேலை செய்யும் பையன், "அக்கா, ஒரு நிமிடம் பேட்டரியைப் பார்த்துவிடலாமா?" என்றான்.

11.8 வோல்ட். நல்ல பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது 12.6 காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது இன்னும் கீழே விழுந்தது. அந்த மோட்டார்கள் நெருக்கும் நேரத்தில் மின்சாரத்தை வாரிக் குடிக்கும். போதிய வலு இல்லையென்றால் பாதியில் விட்டுவிட்டு மஞ்சளைக் காட்டும். நிறைய ஓட்டினால் சரியாகும், நின்று நின்று கிடந்தால் வரும். மழையிலும் குளிரிலும் மேலே நாள்கணக்கில் நிறுத்துகிறேனே.

புது பேட்டரி போட்டான். பதிவான கோளாற்றை அழித்து, பொத்தானைச் சில முறை இழுத்தும் அமுக்கியும் பழக்கினான். ஞர்ர். முழுச் சத்தம். அழுகை வந்துவிட்டது, பையன் மிரண்டுபோனான்.

நோட்டில் ஒரே பக்கத்தில் 11.8, 87, 12.6, 89. எது எதற்கு என்று நாளைக்கு எனக்கே தெரியாது.

ஜூலை 12, சனி

மேலே போய்விட்டு இரவில் திரும்பினேன். அடுக்ககத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருக்கும்போது அது தானாக ஒருமுறை முனகியது. அவர் எகிறிவிட்டார். மலை இறங்கிய சூட்டில் விரிந்திருந்த தட்டு ஆறிச் சுருங்கும்போது பிடி தளரும், அதனால் வண்டியே மறுபடி இறுக்கிக்கொள்கிறது. அவருக்கு விளக்கினேன். பின்பெட்டிக் கல்லுக்கு விளக்கம் கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூலை 14, திங்கள்

வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. "ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா?" என்கிறார். வீடு மாறவில்லை அப்பா, இறங்கி வருகிறீர்கள், அவ்வளவுதான் என்றேன். ஆவணியில் பார்க்கலாமாம். முப்பது நாளைச் சில்லறைபோல் கேட்கிறார். கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் சேலத்தில் மூச்சுவிட முடியாது என்று வேறு ஒரு காரணம். மூச்சைப் பற்றி அவர் பேசுகிறார்!

கோபத்தில் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். மிளகுக்கொடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. 86.

ஜூலை 15, செவ்வாய்

மேலேயே தங்கிவிட்டேன். இரவு மின்சாரம் போய், இன்வெர்ட்டர் 'கீ கீ' என்றது. எழுந்து முதலில் ஓடிப் பார்த்தது வண்டியை. வெட்கமாக இருக்கிறது, எழுதிவைக்கிறேன்.

காலையில் அவராகவே, "ஆனி முடிய ஒரு நாள் இருக்கிறதல்லவா?" என்றார்.

ஜூலை 16, புதன்

மணி 3.40. பனி இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும். அப்பா முன்னிருக்கையில், காலடியில் சிறிய சிலிண்டர். இரண்டாவது கியரிலேயே இறங்கு, பிரேக்கை அமுக்கிக்கொண்டே போகாதே என்று இப்போதே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். நான் பெல்ட் போட்டு, கதவு சாத்தி, கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் பிரேக் தானாக விடும் என்றேன். "இத்தனை சடங்கா?" என்றார்.

சிவப்பு நிலையாக எரிகிறது. மஞ்சள் இல்லை.

அவருடைய ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கல் இன்னும் சக்கரத்தடியில்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போவதா, திண்ணையடியிலேயே விட்டுவிடுவதா என்று அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

செருப்பு கிடைத்துவிட்டதாம்.