பட்டம் கையில், வர்த்தமானி வரும்வரை

"மனே, வேல கிடைச்சிட்டா?" கம்பஸ் முடித்து வீட்டுக்கு வந்த முதல் கிழமையே இந்தக் கேள்வி தொடங்கிவிடும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேலை என்றால் பெரும்பாலும் அரச நியமனத்தைத்தான் கேட்கிறார்கள். அது ஒரு வருடத்தில் வரலாம், நாலு வருடமும் போகலாம். அதுவரை என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ, விடுதி அறையைக் காலி செய்வதற்கு முன்பே அலுவல் தொடங்குகிறது. நூலகப் புத்தகம், அறைச் சாவி, ஆய்வுகூடப் பொருள் ஏதாவது பாக்கி இருந்தால் சான்றிதழ் எடுக்கும்போது மறித்துவிடுவார்கள். பொத்துவிலில் இருந்து வந்தாறுமூலைக்கு அதற்காகத் திரும்பவும் பஸ் ஏறினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பட்டமளிப்பு விழா எப்படியும் பிந்தும். ஆகவே பெறுபேறு வந்தவுடன் அதை உறுதிப்படுத்தும் கடிதத்தையும் பாடவாரியான பெறுபேற்றுப் பட்டியலையும் விண்ணப்பித்து எடுத்துவிடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் எல்லோரும் வகுப்புச் சித்தியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பட்டம் எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகிறது என்பதைப் பாருங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியன்று தகைமை பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்றுதான் அறிவித்தல்கள் கேட்கும். அங்கே கணக்கில் வருவது அந்தத் திகதி, விழா நடந்த நாள் அல்ல.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, சாதாரண தரச் சான்றிதழில் முதலெழுத்து இடம் மாறியிருக்கும், பட்டத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. நேர்முகப் பரீட்சை மேசையில்தான் இது தெரியவரும், அப்போது திருத்த நேரம் இருக்காது. எல்லாச் சான்றிதழ்களையும் ஒருநாள் பாயில் விரித்துப் போட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சிறிய வித்தியாசமென்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வைக்கலாம். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போகவேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும், இப்போதே தொடங்குங்கள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் நம் கரையோரத்தில் நிறைய. அப்படியான வீடுகளில் பெற்றோரின் பத்திரங்களையும் சேர்த்து எடுத்துவிடுவது நல்லது.

அரச வேலை அறிவித்தல்கள் வரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். முகநூலில் யாரோ சுருக்கிப் போட்டதை நம்பாமல் முழு அறிவித்தலையும் வாசியுங்கள், வயதெல்லை எந்தத் திகதிக்குக் கணிக்கப்படுகிறது என்பது அதில்தான் இருக்கும். படிவத்தை நீங்களே தயாரிக்கச் சொன்னால் ஏ4 தாளில், படிவத்தின் எந்த இலக்கப் பகுதிகள் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களோ அப்படியே வரவேண்டும். கையொப்பத்தைச் சமாதான நீதவான், அரச பாடசாலை அதிபர், சட்டத்தரணி போன்ற ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும், அவர் முன்னால்தான் கையொப்பமிட வேண்டும். கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் அல்லது பரீட்சையின் பெயரை எழுதுங்கள். நன்றாகப் படித்தவர்களின் விண்ணப்பம் இப்படியான சின்ன விசயங்களில் தள்ளுபடியாவதுதான் மனதுக்குக் கஷ்டம்.

முடிவுத் திகதி என்பது தபாலில் போடும் நாளல்ல, அங்கே போய்ச் சேரவேண்டிய நாள். இடையில் போயா, ஞாயிறு வந்தால் கடிதம் தங்கிவிடும். ஒரு கிழமை முன்பே பதிவுத் தபாலில் போடுங்கள். பதிவுத் தபால் துண்டு, பரீட்சைக் கட்டணப் பற்றுச்சீட்டின் போட்டோக் கொப்பி, விண்ணப்பத்தின் கொப்பி மூன்றையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். அனுமதி அட்டை வராவிட்டால் பரீட்சைத் திணைக்களம் கேட்பது இவற்றைத்தான். இணையத்தில் நிரப்பும் விண்ணப்பமாயினும், அச்செடுத்து ஒப்பமிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விசயத்துக்கு வருகிறேன். அரசு பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்த 2020 திட்டத்தில், தனியார் வேலையில் சம்பளத்தோடு சேரும் ஊழியர் சேமலாப நிதிக் (ஈபிஎஃப்) கணக்கு இருந்த காரணத்தால் பலர் பட்டியலில் விடுபட்டு மேன்முறையீடு செய்தார்கள். அன்றிலிருந்து நம் பிள்ளைகள் தனியார் வேலைக்குப் போகவே பயப்படுகிறார்கள், போனாலும் "ஈபிஎஃப் வேண்டாம் சேர்" என்று தாங்களே சொல்கிறார்கள். அது பெரிய நட்டம். 40,000 ரூபாய் சம்பளத்தில் உங்களிடம் 8 சதவீதம், அதாவது 3,200 கழிப்பார்கள். முதலாளி 12 சதவீதமாக 4,800 போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவரே இன்னும் 3 சதவீதம், 1,200 போடவேண்டும். இரண்டு வருடத்தில் சேமலாப நிதியில் மட்டும் வட்டி இல்லாமலே 192,000 ரூபாய். ஓய்வூதியமுள்ள நிரந்தர அரச சேவையில் சேர்ந்தால், 55 வயதுவரை (பெண்களுக்கு 50) காத்திராமல் அந்தக் காசை மீளப் பெறவும் வழி இருக்கிறது. போட்டிப் பரீட்சை எழுதுபவர் இந்தக் கணக்குக்குப் பயந்து சும்மா இருக்கத் தேவையில்லை. ஒரு திட்டத்தில் அப்படி நிபந்தனை வந்தால் அதை அந்த அறிவித்தலிலேயே வாசித்து முடிவெடுக்கலாம்.

"தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஈபிஎஃப்" என்று சொல்லும் கடைகளும் கம்பனிகளும் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சம்பளத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால்தான் அங்கே பேச முடியும்.

டியூஷன் கொடுப்பவர்கள் மாலை நேரத்தை அதற்கு வைத்துக்கொண்டு, காலையில் ஒரு மணித்தியாலம் சிங்களம் படியுங்கள். அரச சேவைக்குப் போனபின் மற்ற அரச கரும மொழியில் எப்படியும் தேர்ச்சி காட்டவேண்டி வரும். வேலைப் பளுவோடு அப்போது தொடங்குவது கடினம்.

நியமனக் கடிதம் வந்தால், கடமையேற்க வேண்டிய திகதியை முதலில் பாருங்கள். இருக்கும் வேலையை வாய்ப்பேச்சில் விட்டுவிட்டு ஓடாமல் எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, சேவைச் சான்றிதழையும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.