அப்ளிக் எழுத்து: வெட்டும் கோடு எங்கே விழணும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கோவில் திருவிழா டி-சட்டை, தமிழ்ப்பள்ளி ஜெர்சி ஆர்டர் எடுப்பவர்களுக்கு.

அப்ளிக் என்றால் வெட்டிய துணித்துண்டை இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பது. அதன் டிசைன் எம்பிராய்டரி மெஷினில் மூன்று கட்டமாக ஓடும்: இடம் காட்டும் கோடு, துணியைப் பிடிக்கும் தையல், ஓரத்தை மூடும் சாட்டின் என்ற நெருக்கமான தையல். வெட்டும் மெஷினுக்கு முதல் கோடு மட்டும் போதும். அதை எஸ்விஜி (SVG, கோட்டு வரைபட வகை) கோப்பாக எடுத்துத் திறந்ததுமே உயரத்தைப் பாருங்கள். ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 72 புள்ளி, இன்னொன்று 96 என்று கணக்கு வைத்தால், 90 மி.மீ. எழுத்து 67.5 ஆகச் சுருங்கும், இல்லை 120 ஆக ஊதும்.

கோட்டின் நடுவில் விழும் சாட்டின் 4 மி.மீ. அகலம் என்றால் இரு பக்கமும் 2 மி.மீ. மூடும். அரை மி.மீ. பெரிதாக வெட்டினால் பாதுகாப்பு. 2 மி.மீ.யை நெருங்கினால் பிசிறு எட்டிப் பார்க்கும்.

ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்துதான் படுத்தும். ‘ணி’, ‘ழ’ சுழிக்குள் இருக்கும் இடைவெளி 4 மி.மீ.க்குக் குறைவானால் இரு பக்கச் சாட்டினும் சேர்ந்து அடைத்துவிடும். அந்தத் துளையை வெட்டவே வேண்டாம். புள்ளியையும் துணியில் வெட்டாதீர்கள், நூலிலேயே தைத்துவிடுங்கள்.

துவைத்துக் காய்ந்த பருத்தித் துணி, பின்னால் அயர்ன் செய்து ஒட்டும் பசைத்தாள். துணியின் நல்ல பக்கம் வெட்டும் மெஷினின் பாயில் கவிழ்ந்திருந்தால் மட்டும் டிசைனைக் கண்ணாடிபோல் திருப்புங்கள். கத்தி மழுங்கினால் துணி வெட்டுப்படாமல் இழுபடும், சுழியில்தான் முதலில் தெரியும்.

டி-சட்டைக்கு அடியில் தாங்கலாக வைக்க, தைத்தபின் கிழித்தெடுக்கும் தாள் போதாது, கத்தரித்தெடுக்கும் வகைதான் வேண்டும். இல்லையென்றால் துணி சுருங்கி, எவ்வளவு சரியாக வெட்டினாலும் ஓரம் விலகும்.