ஆரஞ்சு இரண்டு, வெள்ளை மூன்று

பவர் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது, கீபோர்டு விளக்கு மின்னி அணைந்தது, திரை மட்டும் கருப்பாகவே கிடந்தது. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்த வாரம் அது. பழுது பார்க்கும் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சார்ஜரைச் சொருகினார், பொத்தானை அழுத்தினார், ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "போர்டு போய்விட்டது சார். மாற்றினால் பதினான்காயிரம் ஆகும், பேசாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார். நாடிகூடப் பிடித்துப் பார்க்காமல் நோயாளியை முடித்துவிடுகிற வைத்தியம்! யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

அவர் கண்டுகொள்ளாமல் விட்டது, முன்விளிம்பில் இருந்த சின்ன விளக்கை. அது ஆரஞ்சு நிறத்தில் இரண்டு முறை சிமிட்டியது, சற்று நிறுத்தி வெள்ளையில் மூன்று முறை, பிறகு கொஞ்சம் நீண்ட இடைவெளி, மறுபடியும் அதே வரிசை. வெறும் கண்ணால் எண்ணினால் மூன்றா நான்கா என்று குழம்புகிறது. போனில் வீடியோ எடுத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை: ஆரஞ்சு இரண்டு, வெள்ளை மூன்று.

மின்சாரம் பாய்ந்தவுடன், விண்டோஸ் எட்டிப் பார்ப்பதற்கு வெகு முன்பே, பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் பிராசஸர், ரேம் (தற்காலிக நினைவகம்) என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. ரேமே கிடைக்காவிட்டால் திரையில் எழுத்துக் காட்ட அதற்கு வழியில்லை. அதனால்தான் விளக்கைச் சிமிட்டுகிறது, அல்லது பீப் ஒலி எழுப்புகிறது. சில நிறுவனங்கள் கேப்ஸ் லாக் விளக்கைச் சிமிட்ட வைக்கின்றன, சில பேட்டரி விளக்கை. எல்லோருக்கும் பொதுவான கணக்கு எதுவும் கிடையாது, ஒரே நிறுவனத்துக்குள்கூட மாடலுக்கு மாடல் மாறும். எனவே யாரோ தொகுத்த பொதுப்பட்டியலை நம்பாமல், அடிப்பக்க ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண்ணைக் கொண்டு அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேட்டையே தரவிறக்கினேன். இரண்டுக்கு மூன்று என்றால் ரேம் கண்டறியப்படவில்லை. இரண்டுக்கு நான்கு என்றால் ரேம் இருக்கிறது, ஆனால் பழுது. கடைக்காரர் போய்விட்டது என்று சொன்ன மதர்போர்டுக்கு, அதாவது முதன்மைச் சுற்றுப் பலகைக்கு, வேறு எண்கள் இருந்தன.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எஞ்சிய மின்சாரம் வடிவதற்காகப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். அடிமூடி ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமான ஒன்றைத் தவறான துளையில் முறுக்கினால் உள்ளே எதையாவது குத்தும். ஆகவே ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் செலோ டேப்பால் ஒட்டி வைத்தேன். மூடியை நெம்பக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும், திருப்புளி வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் ரேமில் கை வைக்கக் கூடாது.

இரண்டு ரேம் அட்டைகள் இருந்தன, 8 ஜிபி ஒன்று, 4 ஜிபி ஒன்று. இருபுறக் கொக்கிகளையும் விலக்கினால் அட்டை தானாகச் சாய்வாக எழும்பி நிற்கும். டிடிஆர்4 என்ற வகை லேப்டாப் ரேமில் 260 தொடுமுனைகள். பொன்னிறமாக மின்ன வேண்டியவை 8 ஜிபி அட்டையின் ஓர் ஓரத்தில் மங்கிப் பழுப்பேறி இருந்தன. நாங்கள் இருப்பது தூத்துக்குடி. ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்புக்காற்று இதை மட்டும் விட்டுவைக்குமா? அழிரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்பார்கள். சரியாகத்தான் ஆகும். ஆனால் முலாம் தேயும், துகள் ரேம் பொருத்தும் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விட்டேன்.

பிறகு ஒவ்வோர் அட்டையாகத் தனித்தனியே ஒவ்வொரு ஸ்லாட்டிலும் பொருத்திப் பார்த்தேன். 8 ஜிபி எந்த ஸ்லாட்டிலும் உயிர் பெறவில்லை, அதே ஆரஞ்சும் வெள்ளையும். 4 ஜிபியைப் பொருத்தியபோது சிமிட்டல் நின்றது, ஆனால் திரை வரவில்லை. இங்கே அவசரப்பட்டு அணைத்துவிடக் கூடாது. ரேம் மாறியிருப்பதை உணர்ந்த பயாஸ், புதிதாக அளவீடு செய்துகொள்ளும் நேரம் அது. காத்திருந்தேன், வந்தது.

வந்ததும் ஒரு புகாரோடுதான் வந்தது: நேரமும் தேதியும் அமைக்கப்படவில்லையாம். கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது உள்ளேயிருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. அது எப்போதோ தீர்ந்திருக்கிறது, பெரிய பேட்டரியைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் இணையதளங்களைத் திறக்க மறுக்கும், ஜிஎஸ்டி தளத்துக்குள் நுழையவே முடியாது. இதைவிட வில்லங்கம் இன்னொன்று. முன்பு எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் பொருத்தியபோது, கணினி வட்டோடு பேசும் முறையை ஏஹெச்சிஐ என்று மாற்றி வைத்திருந்தேன். பயாஸ் தன் பழைய இயல்புக்குத் திரும்பி அதை ரெய்டு என்ற வேறு முறையாக ஆக்கியிருந்தது. அப்படியே விட்டால் விண்டோஸ் தன் வட்டையே காணவில்லை என்று நீலத்திரை காட்டும். புது பொத்தான் பேட்டரியைப் போட்டு, இரண்டையும் சரிசெய்தேன்.

அடுத்து, வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. பயாஸ் அமைப்பு மாறினால், வேறு யாரோ கைவைத்திருக்கலாம் என்று அது சந்தேகப்படும். அதன் வேலையே அது, கோபித்துப் பயனில்லை. போனில் மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து, திரையில் இருந்த அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு, உரிய எண்ணைப் பொறுமையாகத் தட்டினேன். அந்தக் கணக்கு இல்லாதவர்கள் எண்ணை இப்போதே அச்செடுத்து வைத்துவிடுவது நல்லது. அது இல்லையென்றால் கடைக்காரர் மட்டுமல்ல, யாராலும் வட்டைத் திறக்க முடியாது.

கணக்குத் தாக்கலை 4 ஜிபியோடு முக்கி முனகி முடித்தேன். பிறகு வாங்கிய 8 ஜிபி அட்டை 3200 வேகம், என் கணினி ஏற்பது 2666 வரைதான். அதனால் பாதகமில்லை, குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும். இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிட்டேன். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யம்.