யார் வெளிக்கிட வேண்டும்?

பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் அடிபட்டு வருகிற பெண்ணின் பையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பேன். பையில் இரண்டு உடுப்பு மட்டும் இருந்தால் கோபம் தணிய, பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவாள். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை எல்லாம் பொலித்தீனில் சுற்றி அடியில் கிடந்தால், அவள் பலநாள் யோசித்துத்தான் வந்திருக்கிறாள். பத்திரப் பை கட்டுவதை எங்கள் சனத்துக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இறுதி யுத்தத்தில் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஓடிய நாட்களில் பழகிய கை அது.

ஏ-9 வீதியிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் உள்ளே இருக்கிற ஓர் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவளின் சொப்பிங் பாக்கும் அப்படித்தான் இருந்தது. கூடவே பதினொரு வயது மகன், நாலு வயது மகள். காணி உத்தரவுப் பத்திரத்தை மட்டும் காணவில்லை. கேட்டேன்.

“அது மனுசன்ரை பேரிலை மிஸ். எடுத்தால் களவெண்டுவார்.”

இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. முதல்நாள் இரவு புருசன் குடித்த கசிப்பு. அதற்கு முதல் நுண்நிதிக் கடன்காரர் வந்துபோன சண்டை. சரி, வழமையான வேலைகளைத் தொடங்கினேன். வைத்தியசாலைக்கு அனுப்பி, காயத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பார்க்க ஒழுங்கு செய்தாயிற்று. பொலிஸில் சிறுவர் பெண்கள் பிரிவில் முறைப்பாடும் போட்டாயிற்று. அங்கே ஒருவர், “பிள்ளையளுக்காகச் சமாதானமாய்ப் போங்கோவன்” என்றார். அதுவும் வழமைதான். சில வேளைகளில் மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிடுவார்கள், ஏதோ வேலி எல்லைத் தகராறு மாதிரி.

பிறகு பாதுகாப்பு இல்லம் தேடி ரெலிபோன் எடுத்தேன். பக்கத்து மாவட்டத்தில் ஒன்றில் இடமிருந்தது. தாயையும் மகளையும் எடுப்பார்களாம். பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளை தங்க முடியாதாம், அவனை வேறு இல்லத்தில் விடவேண்டுமாம். மற்றப் பெண்களின் பாதுகாப்புக்காக வைத்த விதி என்றார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பெடியன் என் மேசையின் ஓரத்தில் நின்று, தங்கச்சியின் செருப்பு வாரைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “இவனை விட்டிட்டுப் போறதெண்டால் நான் அடியோடையே இருக்கிறன் மிஸ்.”

எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. காலையிலிருந்து ஓடியது நான்தானே. கோப்பில் ‘பயனாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினேன். அந்த வசனத்தை அதற்கு முதலும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். கை தானாக எழுதும்.

அன்று பின்னேரம் சட்ட உதவிக்காக எடுத்துப் பேசிய சட்டத்தரணி ஒரு கேள்விதான் கேட்டார்: “அடிச்சவன் வீட்டிலை இருக்கிறான். அடி வாங்கினவளை ஏன் வெளிக்கிடச் சொல்லுறியள்?”

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எனக்குப் பாடம். பயிற்சி வகுப்புகளில் அதைப் படிப்பித்துமிருக்கிறேன். பாதிக்கப்பட்டவள் தானாகவோ, அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணை. பிறகு தருகிற பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அடித்தவன் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாதென்று தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இவ்வளவும் தெரிந்த நான்தான், எவள் வந்தாலும் அவளைக் கிளப்பி எங்காவது ஏற்றி அனுப்ப வழி தேடினேன். காப்பகம் வேண்டாமென்று சொல்லவில்லை. கத்தியோடு துரத்துகிறவனிடமிருந்து இரவோடிரவாகக் கிளப்பத்தான் வேண்டும். அதற்கு அரசாங்கம் இன்னும் இடம் கட்டவேண்டும், மகன்மாரோடும் தாய் தங்கக்கூடிய அறைகளோடு. ஆனால் எங்களுக்கு மனதில் முதலில் வருவது எப்போதும் அவளுடைய பஸ்தான்.

அவளுக்கு விட்டுவிட்டுப் போக என்ன இருந்தது என்பதையும் அப்போதுதான் கேட்டேன். பதினாறு கோழி, ஒரு கறவை மாடு, பயற்றங்கொடி. வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியது. ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாகத் தந்தார்கள், கட்டுவிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. புருசன் மேசனோடு நின்றது கொஞ்ச நாள். “சுவருக்குத் தண்ணி ஊத்தினது நான் மிஸ். வயித்திலை இவள். கிணத்திலையிருந்து அள்ளி அள்ளி ஊத்தினனான்.” பத்திரத்தில் அவளுடைய பெயர் இல்லை. மீள்குடியேற்றத்தில் எத்தனையோ பத்திரம் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரில்தான் எழுதப்பட்டது. எழுதியதும் எங்களைப் போன்ற அலுவலகங்கள்தான்.

2019இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் செய்த பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, இலங்கையில் துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடமிருந்தே உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். என் மேசைக்கு அந்த அளவில் யாரும் வந்ததில்லை. பிரதேச செயலகப் படி ஏறினால் ஊருக்கே தெரியும், கிராம சேவகர் மச்சானாக இருப்பார். வன்முறைக்குள்ளான பெண்களுக்காக அரச வைத்தியசாலைகளில் சுகாதார அமைச்சு நடத்துகிற ‘மித்துரு பியச’, தமிழில் நட்பு நிலையம், இந்த விசயத்தில் எங்களைவிடக் கெட்டித்தனம். கிளினிக் கொப்பியோடு போகிற பெண்ணை ஏன் போகிறாய் என்று எந்த மாமியாரும் மறிக்க மாட்டா. பிறகு நானும் பெண்கள் உதவிக்கு அழைக்கிற 1938 என்ற இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு, கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் பென்சிலால் குறித்துவிடுவேன்.

அவளுக்குக் கட்டளை கிடைத்தது. புருசன் இரண்டு ஒழுங்கை தள்ளித் தன் தாய்வீட்டுக்குப் போனார். ஊரில் பாதி அவளைத் திட்டியது, என்னைத் திட்டியதும் காதில் விழுந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு களப்பயணத்தில் போனபோது முற்றத்தில் பெடியன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னாள், ஒவ்வொரு பின்னேரமும் அவர் சைக்கிளில் வந்து றோட்டில் நின்று மணி அடிக்கிறாராம். கதைக்கிறதில்லை. கேற்றடிக்கு வாறதுமில்லை.

“மணி அடிக்கிறது குற்றமோ மிஸ்?”

நான் கட்டளையின் பிரதியை வாங்கி இரண்டு தடவை வாசித்தேன். மணியைப் பற்றி ஒன்றுமில்லை. திகதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொன்னேன், அடுத்த தவணைக்குச் சட்டத்தரணியிடம் காட்டலாம் என்று. அவள் உள்ளே போய்க் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஏற்கனவே ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டிருந்தாள், மணி அடித்த எண்ணிக்கைப்படி. கடைசித் தாளில் கட்டளை முடிகிற திகதியைச் சுற்றி ஒரு வட்டம்.

“இதுக்கு எத்தினை கிழமைக்கு முந்தித் திரும்ப எழுத வரவேணும் மிஸ்?”