மருமகனின் பச்சோந்தியும் மார்கழிக் குளிரும்

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் மகன், சென்ற தை மாதம் அனுப்பிய படத்தில் அவனது பச்சோந்தியின் கூட்டுக்கு மேல் சிவப்பு மின்குமிழ் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். அவனுக்கோ நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. "வெளியில மைனஸ் 15, மாமா. லைற்றை நிப்பாட்டினால் இதுக்குக் குளிராதோ?" என்று கேட்டிருந்தான். இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானில் இருக்கும் என்னிடம் இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்னொரு ஆவணியில் விடுமுறைக்கு வந்தபோது, எங்கள் வளவு வேலியில் பச்சோந்தி ஒன்றை அவனுக்குக் காட்டியவன் நான்தான்.

அவன் வளர்ப்பது எங்கள் ஊர்ப் பிராணி அல்ல. தலையில் உயர்ந்த கொண்டை உள்ள அந்த இனம் யேமனுக்கும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதிக்கும் உரியது. கூடுகளில் இனப்பெருக்கம் செய்து விற்கப்படுவது. எங்கள் வேலியில் திரிவதைப் பிடித்து வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. கொடுக்கவும் கூடாது என்பதே என் எண்ணம். ஆகவே நான் அவனுக்குச் சொல்லக்கூடியதெல்லாம் வெளியே நின்று பார்த்தது மட்டுமே.

மார்கழி, தை மாதங்களில் வன்னியில் விடியப்புறம் 20, 22 பாகை செல்சியஸ் வரை இறங்கும். அந்த நேரத்தில் ரோச் லைற் அடித்துப் பார்த்தால், பகலில் இலையோடு இலையாக மறைந்திருந்த பச்சோந்தி, நிறம் வெளிறி, மெல்லிய கிளையின் நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்குவது எளிதில் கண்ணில் படும். பொந்துக்குள் ஒளிவதில்லை, கதகதப்புத் தேடுவதுமில்லை. வெயில் ஏறியதும் உடலைக் கறுப்பாக்கி, விலாப்பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டியபடி அசையாமல் இருந்து, சூடேறிய பிறகுதான் இரை பார்க்கப் புறப்படும். இரவில் இழந்ததைக் காலையில் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், இரவுக் குளிர் ஒரு குறையல்ல. உடல் ஓய்வெடுக்கும் வேளை அது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்துக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினம். மாட்டின் உடல் எந்நேரமும் 38 பாகைக்கு மேல் சூட்டைக் காக்க வேண்டியது. நனைந்த தோலில் காற்று அடிக்க அடிக்க, உண்ட தீனியையும் உடற்கொழுப்பையும் எரித்து எரித்துக் கடைசியில் தோற்றுப்போகும். பச்சோந்தி அந்தப் போரில் இறங்குவதே இல்லை. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும், செலவும் குறையும். இரவு முழுவதும் சூடு கொடுத்தால், உடல் இயக்கம் அடங்காமல், நீரும் வீணாகிக்கொண்டிருக்கும்.

எனவே மருமகனுக்கு எழுதியது இதுதான். பகலில் வெயில் காயும் கிளை 29 முதல் 32 பாகை வரை இருக்கட்டும். இரவில் 18 அளவுக்கு இறங்கினால் நன்று, வளர்ந்த பிராணிக்கு 15 வரை போனாலும் பயமில்லை. சிவப்பு வெளிச்சம் அதற்குத் தெரியாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பாதே. பச்சோந்திக்கு நிறம் பார்க்கும் கண் உண்டு, ஆகையால் இரவில் எந்த நிற விளக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல், அது தூங்கும் கிளைக்குப் பக்கத்தில் தொங்கவிடு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். சூடு வெளியேறாமல் இருக்கட்டும் என்று அவன் கூட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டி, உள்ளே புகைபோல ஈரம் கக்கும் கருவியையும் ஓடவிட்டிருந்தான். குளிர்ந்த இரவில், காற்றோட்டத்தோடு வரும் பனிமூட்டம் அந்தப் பிராணிக்கு நல்லது. அதன் சொந்த மலைகளில் விடியற்காலையில் இலைகளில் படியும் பனியைத்தான் அது நக்கிக் குடிக்கிறது. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து அசையாத காற்றில் தேங்கினால், நெஞ்சில் சளி கட்டும் நோய்க்கு அதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. மழைக்காலத்தில் காற்றுப் புகாமல் சாக்குக் கட்டி அடைத்த கோழிக்கூட்டுக்குள் தலை நீட்டியவர்களுக்கு அந்த வாடை நினைவிருக்கும்.

தாளைக் கழற்றினான், மின்குமிழையும் அணைத்தான். அக்காதான் மூன்று நாட்களாக என்னோடு சண்டை பிடித்தாள்: "வாய் பேசாத சீவனை விறைக்கவிடச் சொல்லுறியோ?" கிளையடியில் வெப்பமானி இரவு 18.5 காட்டியது. அவர்கள் வீட்டுக்குள் இருந்த குளிர் எங்கள் மார்கழி விடியலைவிடச் சிறிதே கூடியது என்று சொன்ன பிறகுதான் அடங்கினாள்.

பனிப்புயலில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த அனுபவம் எங்கள் மண்ணில் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்து, துணி போர்த்திய சுடுநீர்ப் போத்தல்களைக் கூட்டின் ஒரு பக்கத்தில் வைப்பதென்று அவர்களே முடிவு செய்தார்கள். வீடு 15 பாகைக்குக் கீழே போனால் தானாக எரியவென்று, வெளிச்சம் தராத பீங்கான் சூடாக்கி ஒன்றையும் வாங்கி மாட்டியிருக்கிறான். இன்னும் ஒருநாளும் அது எரியவில்லையாம்.