பெல்ட்டுக்கு மலையில் வேறு கணக்கு

வண்டியோடு வரும் கையேட்டில் ஒவ்வொரு பாகத்தையும் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். கோத்தகிரிப் பக்கம் குடியிருந்துகொண்டு, வேலைக்கும் மருத்துவத்துக்கும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிற எங்களைப் போன்றவர்கள், எஞ்சினின் ஓரத்தில் பாம்புபோல் வளைந்து ஓடும் அந்த ஒற்றை பெல்ட்டின் விஷயத்திலாவது இந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெல்ட்டைத் தேய்ப்பது சாலையின் தூரம் அல்ல, எஞ்சினின் சுற்று. எங்கள் டீசல் காரில் ஐந்தாவது கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 முறை சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1,500 சுற்று. அதே 2,000 சுற்றில், குஞ்சப்பனையைத் தாண்டி இரண்டாவது கியரில் ஏறும்போது வேகம் 30 கிலோமீட்டர்தான் இருக்கும். அங்கே ஒரு கிலோமீட்டருக்கு 4,000 சுற்று ஆகிவிடுகிறது. சமவெளியில் ஓடிய வண்டியைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்கு மேல். மீட்டரில் ஏறிய எண்ணிக்கை குறைவாகத்தானே இருக்கிறது என்று பெல்ட்டைப் பார்க்காமல் விடுவது மலையில் ஆபத்தான பழக்கம்.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. முன்பெல்லாம் மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, பவர் ஸ்டீயரிங்குக்கு ஒன்று என்று தனித்தனி வி-பெல்ட்டுகள் இருந்தன. ஒன்று அறுந்தாலும் மற்றது ஓடும். 1979-இல் ஃபோர்டு மஸ்டாங் காரில் வந்த ஒற்றை பெல்ட் முறை பிறகு மற்ற வண்டிகளுக்கும் பரவியது. இடம் மிச்சம், மாற்றுவதும் எளிது. ஆனால் அது அறுந்தால் எல்லாமே ஒரே நேரத்தில் நின்றுவிடும். முதலில் பேட்டரி விளக்கு எரியும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் கொண்டை ஊசி வளைவின் நடுவே ஸ்டீயரிங் சட்டென்று கனத்துப்போகும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறது என்றால், ஏற்றத்தில் சில நிமிடங்களிலேயே எஞ்சின் சூடேறிவிடும். இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது வேறொன்று. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பெடலை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் உண்டாக்கித் தரும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆல்டர்னேட்டர் நின்றால் அதுவும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு முறை மிதிப்பதற்குத்தான் வரும். அதன்பின் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். இறக்கத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் வண்டியில் வேக்குவம் பம்ப் எங்கே இருக்கிறது என்பதை இன்றே பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பெல்ட் தேய்ந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? விரிசல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பது பழைய நியோபிரீன் ரப்பர் காலத்துப் பழக்கம். இப்போது வரும் பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரால் ஆனவை. இவை எளிதில் வெடிப்பதில்லை. டயரைப் போலப் பொடிப்பொடியாகத் தேய்ந்துகொண்டே போகும். பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். எங்கள் வண்டியில் கழற்றிய பெல்ட்டை வெயிலில் பிடித்து, நீளவாட்டில் வரிவரியாக இருக்கும் பக்கம் வெளிப்புறம் வரும்படி ஆள்காட்டி விரல்மேல் வளைத்துப் பார்த்தபோது ஒரு விரிசல்கூட இல்லை. ஆனால் புதியதைப் பக்கத்தில் வைத்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. புதியதில் பள்ளங்கள் கூர்மையாக ‘வி’ வடிவில் இருந்தன. பழையதில் அவை அகன்று, அடி உருண்டு, ‘யு’ வடிவத்துக்கு வந்திருந்தன. அந்த நிலையில் பெல்ட்டின் வரி, அது ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்துக்குள் மிக ஆழமாக இறங்கி அடியைத் தொட்டுவிடும்; பக்கவாட்டில் இறுகிப் பிடிக்க வேண்டிய பிடி போய், வழுக்கத் தொடங்கும். பள்ளங்களுக்குள் எங்கள் ஊர்ச் செம்மண் நைந்து பசைபோல் ஒட்டியிருந்தது. மண் சாலையில் ஏறி இறங்கும் வண்டிக்கு இது தவிர்க்க முடியாதது. அரத்தூள்போல் ரப்பரை அரிப்பதும் அதுதான்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். பனிக்காலத்தில் காலையில் வண்டியை எடுத்தவுடன் ‘கீச்’ என்று ஒரு சத்தம் எழுந்து சில நொடிகளில் அடங்கினால், அது பெல்ட்டில் படிந்த ஈரத்தின் வேலையாக இருக்கலாம். அடங்காமல் தொடர்ந்தால், ஓடும் எஞ்சினில் கையும் துணியும் எட்டாத தூரத்தில் நின்று, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. சற்று நேரம் மறைந்து திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. சோப்புத் தேய்க்கலாம், ஸ்பிரே அடிக்கலாம் என்று சொல்வோரின் பேச்சைக் கேட்க வேண்டாம். அது சத்தத்தை மறைக்கும், பழுதைப் போக்காது.

கடையில் ‘ஃபேன் பெல்ட்’ என்று கேட்டால் எதையாவது எடுத்து நீட்டுவார்கள். பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 6பிகே1750 என்று இருந்தால் ஆறு வரி, பிகே வகை, 1,750 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். வரிக்கு வரி இடைவெளி 3.56 மில்லிமீட்டர், ஆறு வரி என்றால் அகலம் சுமார் 21 மில்லிமீட்டர். ஏ.சி. உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் நீளம் வேறுபடும் என்பதால், வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது சரிவராது.

இனி வேலை. மலையில் முதல் சிக்கல் சமதளம்தான். எங்கள் வீட்டு முற்றத்தில் சிமெண்ட் போட்ட பகுதி மட்டுமே மட்டமாக இருப்பதால் அங்கே நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தோம். எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினோம். எங்கள் காரில் பெல்ட் ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரத்தை ஒட்டி இருப்பதால் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுக்க வேண்டியிருந்தது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிடுவது நல்லது. வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் கையை உள்ளே விடாதீர்கள்.

பெல்ட்டைத் தொடுவதற்கு முன் அது போகும் வழியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் வரைந்தும் வையுங்கள். வரிப்பக்கம் எந்தப் புல்லியில், வழுவழுப்பான முதுகு எந்தப் புல்லியில் என்பதையும் குறியுங்கள். பிறகு டென்ஷனர், அதாவது பெல்ட்டை எப்போதும் இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் அமைப்பு. அதன் கையில் உள்ள போல்ட்டில் நீளமான ரிங் ஸ்பேனரை மாட்டித் திருப்பினால், ஸ்பிரிங் அமுங்கி பெல்ட் தளரும். எந்தத் திசையில் திருப்பினால் கை நகர்கிறது என்பதை முதலில் மெதுவாகப் பார்க்க வேண்டும். தவறான பக்கம் பலம் கொடுத்தால் புல்லியின் போல்ட்டே கழன்றுவிடும். அந்த ஸ்பிரிங்கின் விசை நாம் நினைப்பதைவிட மிகுதி. நான் ஸ்பேனரைப் பிடித்திருக்க, மைத்துனர் எளிதில் எட்டும் வழுவழுப்புப் புல்லியிலிருந்து பெல்ட்டை நழுவவிட்டார். டென்ஷனரைச் சட்டென்று விட்டுவிடாமல் மெல்லத் திரும்பவிட வேண்டும். டென்ஷனரே இல்லாமல், இழுபடும் வகை பெல்ட் போட்ட சிறிய எஞ்சின்களும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும், அதை வீட்டில் முயல வேண்டாம்.

பெல்ட் இல்லாத அந்தச் சில நிமிடங்கள்தான் முழு வேலையிலும் மதிப்புள்ளவை. ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுழற்றிப் பார்க்க அப்போதுதான் முடியும். எதையும் ஓட்டாமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியைச் சுழற்றிய மைத்துனர், “மாமா, இது கரகரங்குது, கை வெச்சுப் பாருங்க” என்றார். உள்ளே கிரீஸ் வறண்டு, பேரிங்கின் உராய்வு விரல் நுனிக்கே தெரிந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் புதிய பெல்ட்டையும் அது தின்றிருக்கும். வாட்டர் பம்பின் புல்லியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ, கீழே கூலன்ட் வழிந்த தடமோ இருந்தால் பெல்ட்டோடு நிறுத்தக் கூடாது. ஏ.சி. கம்ப்ரசரையும் மறந்துவிட வேண்டாம். குளிருக்கு ஏ.சி. எதற்கு என்று நாம் அதைப் போடுவதே இல்லை. ஆனாலும் அதன் புல்லி எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. மூடுபனியில் கண்ணாடியின் உட்புற ஆவியைப் போக்க ஏ.சி.தான் உதவும் என்பதால் அது நல்ல நிலையில் இருக்கவும் வேண்டும்.

புல்லிகளின் பள்ளங்களில் இருந்த செம்மண்ணை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். புதிய ஐட்லரைப் போட்டபின், படத்தைப் பார்த்து, எஞ்சின் நேராகச் சுழற்றும் கிராங்க் புல்லியில் தொடங்கி, வழுவழுப்புப் புல்லியைக் கடைசிக்கு விட்டு பெல்ட்டை மாட்டினோம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் இழைகள் அறுபடும். மாட்டியபின் ஒவ்வொரு புல்லியிலும் விரல்விட்டுத் தடவி, எல்லா வரியும் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஒரு வரி வெளியே நின்றால் ஓட்டத்தில் அது நார்நாராகப் பிரியும். சில எஞ்சின்களில் அந்த நார், எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் மூடிக்குள் இழுபட்டு எஞ்சினையே கெடுத்துவிடும். கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேட்டரியை இணைத்தோம்.

ஸ்டார்ட் செய்து, விளக்கு, ஏ.சி. எல்லாவற்றையும் போட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சுமை ஏறும்போது பெல்ட் நடுங்குகிறதா என்று பாருங்கள். அரவேணு வரை ஒருமுறை போய் வந்து, எஞ்சின் ஆறியபின் டென்ஷனரின் குறி அதன் எல்லைக்குள் இருக்கிறதா என்று மறுபடி சரிபார்க்கலாம். கழற்றிய பெல்ட்டில் நார் பிரியாமலும் விரிசல் இல்லாமலும் இருந்தால் எறிய வேண்டாம். மடிக்காமல் வட்டமாகச் சுருட்டி, வழியை வரைந்த தாளோடும் அந்த ரிங் ஸ்பேனரோடும் டிக்கியில் வையுங்கள். காட்டுப் பாதையில் பெல்ட் அறுந்தால், தேய்ந்த பெல்ட்கூட ஊர்வரை கொண்டுவந்து சேர்க்கும்.