அரை மணி நேர ஒத்திவைப்பு

மேடவாக்கத்தில் 96 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் அசோசியேஷன் மேனேஜராகப் பல வருடம் வேலை பார்த்தேன். தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டன. ஜெனரல் பாடி மீட்டிங்குக்கு ஆள் சேர்ப்பது மட்டும் பிடிபடவே இல்லை.

எங்கள் பைலாப்படி (சங்க விதிகள்) கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், மூன்றில் ஒரு பங்கு: 32 வீடுகள். சேராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, வந்தவர்களை வைத்தே நடத்தலாம். வருடா வருடம் அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் நாற்காலி போட்டோம். 2018-ல் 14 பேர் உட்கார்ந்து மூன்று லிஃப்டையும் புதுப்பிக்கத் தீர்மானம் போட்டார்கள். வீட்டுக்கு 22,000 ரூபாய். பைலாப்படி எல்லாம் சரி. வசூலுக்குப் போனால், “நாங்க லிஃப்ட்ல ஏறுறதே இல்ல, யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?” என்று முதல் மாடிக்காரர்கள் கேட்டார்கள். பணம் சேர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை சி பிளாக் நான்காம் மாடியில் இருந்த ஒரு வயதான அம்மா, லிஃப்ட் பழுதான நாளெல்லாம் முழங்கால் வலியோடு படி ஏறினார். அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவரிடமே ஒருநாள் கேட்டேன், ஏன் மீட்டிங்குக்கு வருவதில்லை என்று. “வந்தா கையெழுத்துதானே தம்பி வாங்குறீங்க. முடிவை முன்னாடியே எடுத்துட்டுத்தான் வர்றீங்க” என்றார்.

அதன்பின் வீடு வீடாகப் போய் இதே கேள்வியைக் கேட்டேன். ஞாயிறு காலை பதினோரு மணி என்றால் சமையல் நேரம் என்றார்கள் பெண்கள். ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ரெண்டு மாச மெயின்டனன்ஸ் பாக்கி சார். பேரை மைக்ல வாசிப்பீங்க.” அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவனே நான்தான். பணம் வரவேண்டும் என்று செய்த வேலை, ஆளை வரவிடாமல் செய்திருக்கிறது.

2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டபோது நோட்டீஸ் போர்டில் ஒரே வரி எழுதினேன்: ‘நாளை முதல் தண்ணீர் தினம் இரண்டு மணி நேரமா, மூன்று மணி நேரமா? இன்று இரவு 9 மணிக்கு முடிவு.’ எழுபது வீடுகளுக்கு மேல் வந்து கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டே பேசினார்கள். ஓட்டு இல்லாத வாடகைக்காரர்களும் வந்தார்கள். எந்த வேளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்ற கணக்கு அவர்களிடம்தான் துல்லியமாக இருந்தது.

மீட்டிங் நோட்டீஸில் ‘வரவு செலவு ஒப்புதல், இதர’ என்று மட்டும் எழுதுவதை அதோடு விட்டேன். 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. மெயின்டனன்ஸைக் கூட்டுவதா, ஜெனரேட்டர் நேரத்தையும் விளக்குகளையும் குறைப்பதா என்று இரண்டு வழிகளையும், ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு என்ன செலவு என்பதையும் நோட்டீஸில் போட்டேன். கணக்குப் புத்தக நகலைப் பத்து நாள் முன்பே வீடுகளுக்குக் கொடுத்தேன். பாக்கி விவரம் அவரவர் வீட்டுக்குத் தனிக் கடிதமாகப் போனது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம், அதுவும் மொட்டை மாடியில் இல்லை, பார்க்கிங்கில்.

இதையெல்லாம் சம்பளத்துக்குச் செய்யும் வேலையாக மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை. 2022-ல் இயற்றிய தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். எங்களுக்கு அது 64 வீடுகள். அரை மணி நேரம் காத்திருந்து அந்தச் சம்மதத்தை வாங்கிவிட முடியாது.

அந்த மாலை 51 வீடுகள் வந்தன. சி பிளாக் அம்மா லிஃப்டில் இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கையில் கணக்கு நகல், அதில் பென்சில் கோடுகள். “தம்பி, மார்ச் மாசம் மட்டும் டீசல் ஏன் கூடியிருக்கு?” முதல் கேள்வியே அதுதான். ஜெனரேட்டர் லாக்புக்கைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்து, தேதி தேதியாகப் படித்துக் காட்டினேன்.